உரிமைக்காரர் தேவை

ஐநூறு ரூபா நோட்டை நீட்டினா நான் எங்க சார் போவேன்? இங்க ஆளுக்கு அஞ்சு ரூபா. காலையில இருந்து டப்பாவுல விழுந்தது நூத்தி எண்பது. உள்ள போகும்போதே சில்லறை இல்லன்னு சொல்லியிருந்தா, சரி, போயிட்டு வாங்கன்னு விட்டிருப்பேன். போயிட்டு வந்த பிறகு விட முடியாது. காண்ட்ராக்டர் விட்டாலும் என் மனசு விடாது.

உட்காருங்க. ஸ்டூல் சுத்தமாத்தான் இருக்கு, இப்பத்தான் துடைச்சேன். உங்க சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அதுக்குள்ள ஆளு வரப் போக, சில்லறை தானா சேந்துரும். உங்க நோட்டு இந்தா, சட்டைப்பையில மேல தெரியுற மாதிரி வச்சிருக்கேன். அடுத்தவங்க காசை நான் மடிச்சு உள்ள வைக்கிறதில்ல.

என் பேரு கொம்பையா. இந்த மேஜையில உட்கார ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. ஆனா பஸ் ஸ்டாண்டுல கொம்பையா யாருன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. கக்கூஸ்காரர் எங்கன்னு கேளுங்க, கைகாட்டிருவான்.

சார் பேப்பர் படிப்பீங்களா? அப்ப இதைப் பாருங்க. லேமினேஷன் பண்ணி வச்சிருக்கேன். நான் இல்ல சார் அது. நானா இருந்தா மேஜைக்கு அடியிலயா வச்சிருப்பேன்? இவன் ஆட்டோ ஜெபஸ்டின். அந்தா, மரத்தடியில மூணாவது ஆட்டோ. கீழ போட்டிருக்கிறதைப் படிங்க. 'சாலையில் கண்டெடுத்த மணிபர்சை ஒப்படைத்த ஆட்டோ டிரைவருக்குப் பாராட்டு'. பர்ஸுல எவ்வளவு இருந்துச்சு தெரியுமா? ஆயிரத்தி இருநூறு ரூபாயும் ஒரு ஏ.டி.எம். கார்டும். அதுக்கு இன்ஸ்பெக்டர் கையால சால்வை. இப்ப ஸ்கூலுக்கெல்லாம் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு நேர்மையைப் பத்திப் பேசச் சொல்றாங்க. போன வாரம் என்கிட்டயே வந்து, "அண்ணாச்சி, மனுஷனுக்குப் பேருதான் முக்கியம்"ங்கான். அதைச் சொல்லிட்டு அஞ்சு ரூபா போடாம உள்ள போனான் சார்.

நான் எத்தனை பொருளைக் குடுத்திருக்கேன் தெரியுமா? ஒரு மோதிரம், ரெண்டு செல்போன், ஒரு தங்கச் சங்கிலி. எல்லாம் அந்த இடத்துலயே, உடனுக்குடன். செல்போனை வாங்கினவன் என் முன்னாடியே கைக்குட்டையால நாலு தடவை துடைச்சான். சங்கிலியைத் தொலைச்ச அம்மா அதை என் கையில இருந்து வாங்கல. ஒரு பேப்பரை விரிச்சு, "இதுல போடுங்க"ன்னாங்க. போட்டேன். மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மூணரைப் பவுன் சார். ஒரு வார்த்தை? கிடையாது. பார்த்தது யாரு? படுத்திருந்த நாயி.

அப்ப முடிவு பண்ணேன். இனிமே எது கிடைச்சாலும் நாலு பேரு பார்க்கக் குடுக்கணும். தப்பா?

அஞ்சு ரூபா போடும்மா. இடது பக்கம். பைப்பை இறுக்கி மூடிட்டு வா.

நூத்தி எண்பத்தஞ்சு.

சித்திரை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும். ஒரு ஆளு வந்தாரு. அம்பது வயசு, வெள்ளைச் சட்டை, கையில ஜவுளிக்கடை கட்டப்பை. மூணாவது கதவுக்குப் போனாரு. உள்ள இருக்கும்போதே வெளிய அவர் ஊர் மினி பஸ்காரன் விசிலடிச்சுட்டான். மனுஷன் வேட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடினாரு பாருங்க. போகிற அவசரத்துலயும் அஞ்சு ரூபாயை டப்பாவுல போட்டுட்டுத்தான் ஓடினாரு. அதை இன்னைக்கும் சொல்லுவேன், நல்ல மனுஷன்.

தண்ணி ஊத்தலாம்னு போனா, கதவுக்குப் பின்னாடி ஆணியில கட்டப்பை தொங்குது. உள்ள துண்டைப் போட்டு மூடியிருக்கு. துண்டை எடுத்தா பணம். பத்து, இருபது, நூறு, ஐநூறு, எல்லாம் ரப்பர் பேண்டு போட்ட கட்டு. கூடவே ஒரு கணக்கு நோட்டு. 'சின்னப்பாறைக்குளம் அம்மன் கோவில் கொடை, ஊர் வரி வசூல், மொத்தம் ரூ.3,80,000, பொருளாளர் ஆறுமுகநயினார்'. அடியில செல் நம்பர். அதுக்கும் அடியில அவங்க வீட்டம்மா நம்பர். மனுஷன் எவ்வளவு பொறுப்பு பாருங்க.

ஆமா சார், யாரோடதுன்னு அந்த நிமிஷமே தெரியும். தெரியாதுன்னு நான் சொல்லவே இல்லயே. நான் பொய் பேசுறவன் இல்ல.

முக்கால் மணி நேரத்துல ஆளு திரும்பி வந்துட்டாரு. மூஞ்சியில ரத்தமே இல்ல. "அண்ணாச்சி, ஒரு பை... இங்க ஒரு பை..."ங்காரு. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. இந்தா இருக்குன்னு சொல்லப் போறேன். அக்கம்பக்கம் பார்த்தேன். ஒரு ஆளு இல்ல சார். அதே நாயி. அதே இடத்துல படுத்திருக்கு.

சங்கிலிக்காரம்மா விரிச்ச பேப்பர் கண்ணுல வந்துச்சு.

"உள்ள போய்ப் பாருங்க"ன்னேன். உள்ள போய்ப் பார்த்தாரு. ஆணி மட்டும் இருந்துச்சு. வெளிய வந்து அஞ்சு ரூபா போட்டாரு. பை பிளீச்சிங் பவுடர் டிரம்முக்குள்ள இருந்துச்சு, உரச்சாக்குல சுத்தி. அதை விடப் பத்திரமான இடம் இந்த ஊர்ல இல்ல. அந்த நெடிக்கு பூனை கூட கிட்ட வராது.

நான் அன்னைக்கு சாயங்காலமே போலீஸ் ஸ்டேஷன் போனேன் சார். பையைக் கொண்டு போகல, விசாரிக்கத்தான் போனேன். இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்குப் போயிருந்தாரு. இருந்தது ஏட்டையா ஒருத்தர்தான், வடை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. "ஏட்டையா, ஒருத்தருக்கு ஒரு பொருள் கிடைச்சா எப்படிக் குடுக்கணும்?"னு கேட்டேன். "வச்சுட்டுப் போ"ங்காரு. வச்சுட்டுப் போகணுமாம்! வடைச் சட்டினி பக்கத்துல மூணு லட்சத்து எண்பதாயிரத்தை வச்சுட்டுப் போகணுமாம். வந்துட்டேன்.

நேரா நிருபர் சங்கரபாகத்துக்கிட்ட போனேன். எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடை தெரியுதா? அவருதான். ஜெபஸ்டினைப் போட்டோ எடுத்ததும் அவருதான். தொகையைச் சொன்னதும் மிஷினை நிறுத்திட்டாரு.

"அண்ணாச்சி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தரம் இருக்கு. ஆயிரம், ரெண்டாயிரம்னா இன்ஸ்பெக்டர். ஒரு லட்சம்னா டி.எஸ்.பி. மூணு லட்சத்துக்கு மேல போயிட்டா எஸ்.பி.தான். அதைக் கொண்டுபோய்க் கீழ குடுத்தீங்கன்னா வீணாப் போயிரும்."

"எஸ்.பி. சால்வை போடுவாரா?"

"சால்வை, புத்தகம், கைகுலுக்கல். மாவட்டப் பக்கத்துல மூணு காலம் செய்தி. பக்கத்துல உரிமைக்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு நின்னாருன்னா நாலு காலம்."

நீங்களே சொல்லுங்க. எனக்காகவா சார் நான் ஆசைப்பட்டேன்? எனக்கு ஒரு மக இருக்கா, இசக்கிப்ரியா. ஜவுளிக்கடையில பில் போடுறா. கோவில்பட்டியில இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. தரகர் என்னைப் பத்தி, 'நகராட்சி சம்பந்தப்பட்ட வேலை'ன்னு சொல்லி வச்சிருந்தாரு. மாப்பிள்ளையோட அப்பா பஸ்ஸை விட்டு இறங்கினாரு, அவசரம்னு இங்க வந்தாரு, அஞ்சு ரூபா குடுத்தாரு. சாயங்காலம் எங்க வீட்டு நடுக்கூடத்துல என்னைப் பார்த்ததும் காப்பி டம்ளரை அப்படியே வச்சுட்டாரு. எஸ்.பி. பக்கத்துல நான் நிக்கிற போட்டோ ஒண்ணு சுவர்ல மாட்டியிருந்தா அந்த டம்ளர் கீழ இறங்கியிருக்குமா?

இதை என் சம்சாரம் சண்முகக்கனிக்குப் புரியவைக்க முடியல.

"அந்த மனுஷன் நம்பருக்கு ஒரு போன் போடுங்களேன்"னா.

"போட்டா?"

"வந்து வாங்கிட்டுப் போவாரு."

"அதைத்தான் நானும் சொல்றேன். வாங்கிட்டுப் போயிருவாரு."

அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே, பொம்பளைகளுக்கு வெளி உலகம் தெரியாது சார்.

அடுத்த திங்கட்கிழமை எஸ்.பி. ஆபீஸ்ல மனு நாள். போகலாம்னு சட்டையை இஸ்திரி போட்டு வச்சேன். மந்திரி வர்றாருன்னு எஸ்.பி. பந்தோபஸ்துக்குப் போயிட்டாரு. சரி, ஒரு வாரம். அந்த வாரத்தை நானும் சங்கரபாகமும் சும்மா கழிக்கல. செய்தியை முன்கூட்டியே எழுதி வச்சுக்கிட்டோம். அதுல ஒரு தகராறு. அவரு தலைப்பு, 'கழிப்பறையில் கிடந்த மூணே முக்கால் லட்சம்'னு எழுதுறாரு. முதல்ல தொகை தப்பு, அய்யாயிரம் குறையுது. ரெண்டாவது, அந்த வார்த்தை வேண்டாம்னேன். 'பஸ் நிலைய வளாகத்தில்'னு போடும்னேன்.

"வளாகம்னா எவன் படிப்பான் அண்ணாச்சி? கழிப்பறைன்னாத்தான் படிப்பான்."

"என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் வே!"

மூணு நாள் சண்டை. கடைசியில, தலைப்புல வளாகம், செய்திக்குள்ள கழிப்பறைன்னு சமாதானம் ஆச்சு.

அதுக்கு அடுத்த திங்கள், எஸ்.பி.க்கு மாறுதல் உத்தரவு வந்துருச்சு. மூட்டை கட்டுற மனுஷன்கிட்ட போய் எப்படி சால்வை கேக்கிறது? புதுசா வர்ற எஸ்.பி. வியாழக்கிழமை பொறுப்பேத்து, திங்கட்கிழமை முதல் மனு நாள். "பொறுத்ததும் பொறுத்தோம், முதல் நாளே நல்ல சேதியாப் போவோம்"னாரு சங்கரபாகம். எனக்கும் சரின்னு பட்டுச்சு.

இந்தா, ரெண்டு பேரா? பத்து ரூபா. மூணாவது கதவு ஆளு இருக்கு, ரெண்டாவதுக்குப் போங்க.

நூத்தித் தொண்ணூத்தஞ்சு.

பையில பத்து ரூபா கட்டுக் கட்டா இருக்குல்லா, அதுல இருந்து உங்களுக்குச் சில்லறை மாத்தித் தரலாமேன்னு உங்களுக்குத் தோணும். தோணாம இருக்காது. ஆனா அது அடுத்தவர் காசு. அதுல கை வைக்கக் கூடாது. ஒரு நாள் கூட அதுல இருந்து சில்லறை மாத்தினதில்ல. எண்ணிப் பார்க்கக் கூட இல்ல. நோட்டுல எழுதியிருந்த தொகை தெரியும், அவ்வளவுதான்.

நயினாரா? அவரு தெனமும் வந்தாரு சார். அவங்க ஊர்ல இருந்து பதினொரு மணி மினி பஸ்ஸுல வந்து இறங்குவாரு. அஞ்சு ரூபா போடுவாரு. மூணாவது கதவுக்குப் போய் ஆணியைப் பார்ப்பாரு. வெளிய வந்து இந்த ஸ்டூல்ல உட்காருவாரு, நீங்க உட்கார்ந்திருக்கிற இதே ஸ்டூல்தான். பதினாறு தடவை. எண்பது ரூபா. சும்மா போகச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனா காண்ட்ராக்டருக்குத் துரோகம் பண்ண முடியுமா? ஒருத்தர் கஷ்டத்துல இருக்காருன்னு இன்னொருத்தர் காசை விட்டுக்குடுக்கிறது நேர்மையா?

டீ வாங்கிக் குடுத்திருக்கேன். என் சொந்தக் காசுல.

அவர் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவாரு. முப்பது வருஷமா அந்தக் கோவிலுக்கு அவருதான் பொருளாளர். வேற யார்கிட்டயும் ஊரு காசைக் குடுக்காது. இப்ப, வரி குடுத்த நூத்தி நாப்பது வீட்டுலயும், அவரு எடுத்துட்டு நாடகம் ஆடுறாருன்னு பேச்சு. டீக்கடையில உட்கார்ந்தா பக்கத்துல இருக்கிறவன் எழுந்து போறானாம். அவரு மச்சினனே, "மாமா, மீதி இருக்கிறதையாவது குடுத்துருங்க"ன்னானாம். அதைச் சொல்லும்போது சிரிச்சாரு சார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

எனக்குப் பாவமா இருந்துச்சு. கல்லா மனசு? ஆனா ஒரு பக்கம் யோசிச்சுப் பாருங்க, இவ்வளவு கெட்ட பேரு வாங்கினவருக்கு எஸ்.பி. முன்னாடி, பேப்பர்காரன் முன்னாடி பை திரும்பக் கிடைச்சா எப்படி இருக்கும்? அவருக்கும் பேரு, எனக்கும் பேரு. யாருமில்லாத கக்கூஸ் வாசல்ல வாங்கிட்டுப் போனா ஊரு நம்புமா? 'மாட்டிக்கிட்டான், திரும்பக் கொண்டாந்துட்டான்'னுதான் சொல்லும். அவர் நல்லதுக்கும் சேத்துத்தான் சார் நான் வச்சிருந்தேன்.

பதினாறாவது நாள், வியாழக்கிழமை. அன்னைக்கு ஆணியைப் பார்க்கப் போகல. நேரா வந்து உட்கார்ந்தாரு.

"அண்ணாச்சி, நாளைக்கு சாயங்காலம் சூடம் அணைக்கச் சொல்லிட்டாங்க."

சூடம் அணைக்கிறது தெரியும்லா? சாமி முன்னாடி சூடத்தைக் கொளுத்தி, நான் எடுக்கலைன்னு சத்தியம் பண்ணிக் கையால அணைக்கணும். பொய்யின்னா குலம் விளங்காது.

"நீரு எடுக்கலைல்லா? தைரியமா அணையும்"னேன்.

"நான் எடுக்கலைங்கிறது அம்மனுக்குத் தெரியும். ஆனா தொலைச்சது நான்தானே? அணைச்சுட்டு வந்தாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை கொடைத் திருவிழா நிக்குமே அண்ணாச்சி. எங்க ஊர்ல கொடை நின்னதே இல்ல. மேளக்காரனுக்கு என்ன சொல்ல, பந்தல்காரனுக்கு என்ன சொல்ல?"

"திங்கட்கிழமை வரைக்கும் பொறும்."

"திங்கட்கிழமை என்ன?"

"ஒண்ணுமில்ல. மனசுல பட்டுச்சு."

இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படி சார் ஆறுதல் சொல்ல முடியும்? நாலே நாள். இந்த நாலு நாளை அவரால பொறுக்க முடியல. அவசரம். அன்னைக்கு மினி பஸ்ஸுக்கு ஓடுனாரே, அதே அவசரம். அந்த அவசரம்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு.

என்ன பண்ணாரு தெரியுமா? வெள்ளிக்கிழமை காலையில சம்சாரம் நகையை எல்லாம் கொண்டுபோய் அடகு வச்சாரு. பத்தாததுக்கு, மகனுக்குன்னு வாங்கிப் போட்டிருந்த எட்டு சென்ட் மனைப் பத்திரத்தை வெளியூர்ல ஒருத்தன்கிட்ட குடுத்து, கேட்ட விலைக்குத் தள்ளிட்டாரு. சாயங்காலம் மூணு லட்சத்து எண்பதாயிரத்தைப் புதுப் பையில போட்டுக் கொண்டுபோய் அம்மன் முன்னாடி வச்சு, "வீட்டு மச்சுலயே இருந்திருக்கு, நான்தான் மறந்துபோய் ஊரெல்லாம் தேடியிருக்கேன்"னுட்டாரு. பழைய வரி நோட்டு எலி கடிச்சிருச்சுன்னு புது நோட்டு.

ஊருக்கு அழுகையா வந்துருச்சாம். இவ்வளவு நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டுட்டோமேன்னு நாட்டாமை கன்னத்துல போட்டுக்கிட்டாராம். அப்புறம் என்ன பண்ணாங்க தெரியுமா சார்?

சால்வை போட்டாங்க.

தொலைச்சவருக்குச் சால்வை! காப்பாத்தி வச்சவன் இங்க உட்கார்ந்து பிளீச்சிங் பவுடர் குடிச்சுக்கிட்டு இருக்கேன்.

இது எதுவும் எனக்கு அப்பத் தெரியாது. திங்கட்கிழமை நான் புதுச்சட்டை, சண்முகக்கனி பட்டுச்சேலை, சங்கரபாகம் கேமரா, மூணு பேரும் எஸ்.பி. ஆபீஸ் போனோம். புது எஸ்.பி. ஒரு அம்மா. சின்ன வயசுதான். ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க. எழுந்து நின்னாங்க சார், எனக்காக. சால்வை கொண்டு வரச் சொன்னாங்க. சால்வையும் வந்துருச்சு. பச்சைக் கலர், சரிகைக் கரை. அந்த மேஜை மேல இருந்து என் தோளுக்கு ரெண்டடி தூரம் இருந்திருக்கும்.

பையைத் திறந்தாங்க. மூணு தும்மல்.

"என்னய்யா இது, பிளீச்சிங் பவுடர் வாசம்?"

"சுத்தமா இருக்கட்டும்னுதாங்கம்மா."

நோட்டைப் புரட்டினாங்க. "நம்பர் இருக்கே"ன்னு போன் போட்டு ஆளை வரச் சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நயினார் வந்தாரு. தனியா வரல. மறுநாள் கொடை பாருங்க, மேளக்காரனுக்கு மீதி குடுக்க நாட்டாமையும் அவரும் டவுனுக்குத்தான் கிளம்பியிருக்காங்க. ரெண்டு பேரும் சேந்து வந்து நிக்கிறாங்க.

மேஜை மேல அவர் பை. அவர் நோட்டு. அவர் கையெழுத்து. என்னைப் பார்த்தாரு. பையைப் பார்த்தாரு. பக்கத்துல நாட்டாமையைப் பார்த்தாரு.

"இது என் பை இல்லைங்கம்மா"ன்னாரு.

"உங்க பேரு எழுதியிருக்கே?"

"எங்க ஊர்ல ஆறுமுகநயினார்னு எட்டுப் பேரு இருக்காங்க."

"எட்டுப் பேருக்கும் ஒரே போன் நம்பரா?"

அதுக்குள்ள நாட்டாமை நெஞ்சை நிமித்திக்கிட்டு, "எங்க கோவில் காசு பத்திரமா இருக்குங்கம்மா. எங்க பொருளாளர் ஒரு பைசா தொலைக்கிற ஆளு இல்ல. ஒரு தடவை சந்தேகப்பட்டதுக்கே அம்மன்கிட்ட தெண்டம் கட்டியிருக்கோம்"ன்னாரு. நயினார் தலையை நிமித்தவே இல்ல.

எஸ்.பி. அம்மா என் பக்கம் திரும்பினாங்க.

"இது உங்களுக்கு எப்பக் கிடைச்சது?"

"இருபது நாளாச்சுங்கம்மா."

"இருபது நாள்! நம்பர் இருக்கே, ஏன் போன் பண்ணல?"

"போன்ல எப்படிங்கம்மா போட்டோ எடுக்கிறது?"

உண்மையைத்தானே சார் சொன்னேன்? நான் வேற ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம், ஊருக்குப் போயிருந்தேன், காய்ச்சல்னு. சொல்லல. அந்த அம்மா சால்வையை மடிச்சு டிராயருக்குள்ள வச்சுட்டாங்க. திரும்பிப் பார்த்தா சங்கரபாகத்தைக் காணோம். கேமராவோட எப்பக் கிளம்புனாருன்னே தெரியல.

எங்களை உள்ளூர் ஸ்டேஷனுக்கு அனுப்பினாங்க, எழுதி வாங்குங்கன்னு. அங்க அதே ஏட்டையா. பேனாவைத் திறந்தாரு, யோசிச்சாரு, மூடினாரு.

"தொலைச்சேன்னு புகார் குடுத்த ஆளு இல்ல. நோட்டுல இருக்கிற ஆளு என்னோடது இல்லங்கான். இருபது நாளா உன் கையில இருந்திருக்கு. இப்ப நான் இதை வாங்கினா, யார்கிட்ட இருந்து கைப்பத்தினேன்னு எழுதணும். உன் பேரை எழுதட்டா?"

"பேப்பர்ல வருமா ஏட்டையா?"

"வரும். ஆனா சால்வை இருக்காது. நடுவுல நீ, ரெண்டு பக்கமும் நாங்க."

அந்தப் போட்டோ வேண்டாம்னேன்.

"அப்ப எடுத்துட்டுப் போ. உரிமைக்காரனைக் கூட்டிட்டு வா. அவன் வந்து என்னோடதுன்னு சொல்லட்டும், சால்வை நானே வாங்கித் தர்றேன்"னாரு.

போடுய்யா, போடு. அஞ்சு ரூபா காயின் செல்லும். வாங்கிக்கிறேன்.

கொடை முடிஞ்ச மறுநாளு நயினார் வந்தாரு. தனியா. இங்க யாருமில்லாத நேரமாப் பார்த்து வந்தாரு. சாலை ஓரமா அரை மணி நேரம் நின்னு பார்த்துட்டுத்தான் வந்தாரு, நான் கவனிச்சேன்.

"அண்ணாச்சி, அந்தப் பை..."

"எந்தப் பை?"

"என் பை."

"எஸ்.பி. அம்மா முன்னாடி இல்லைன்னீரே வே?"

அப்பத்தான் நகை, மனை எல்லாத்தையும் சொன்னாரு. சொல்லிட்டு, "யாருக்கும் தெரியாமக் குடுத்துருங்க. உங்க காலுல விழுறேன்"ங்காரு. என்னை விட ரெண்டு வயசு மூத்தவரு.

நான் என்ன சார் பண்ண முடியும்? ஒரு மாவட்டத்துக்கே அதிகாரி, அவங்க முன்னாடி, இது எனக்குச் சொந்தமில்லன்னு சொன்ன ஆளு. அவருக்கு நான் எந்த முறையில குடுப்பேன்? நாளைக்கு எஸ்.பி. கூப்பிட்டு, பை எங்கன்னு கேட்டா? எல்லாத்துக்கும் மேல, இன்னொருத்தர் பணத்தை ஒருத்தருக்கும் தெரியாம ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்தினா அதுக்குப் பேரு என்ன? திருட்டு. "நயினாரே, திருட்டு வேலைக்கு என்னைக் கூப்பிடாதீரும்"னு சொல்லிட்டேன். வெளிப்படையா வாரும், ஏட்டையா முன்னாடி கேளும், தர்றேன்னேன்.

"கேட்டா ஊருக்குத் தெரிஞ்சுருமே. அம்மன் முன்னாடி நான் பொய் சொன்னது தெரிஞ்சுருமே."

"அது உமக்கும் அம்மனுக்கும்."

இன்னும் வர்றாரு. தெனமும் இல்ல, செவ்வாய், வெள்ளி. இந்த ஸ்டூல்ல உட்கார்ந்துட்டுப் போவாரு. இப்பல்லாம் நான் அவர்கிட்ட அஞ்சு ரூபா வாங்குறதில்ல. என் கையில இருந்து போட்டுர்றேன். எனக்கும் மனசு இருக்கு சார்.

சரி. இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

உங்களைப் பார்த்ததுமே எனக்குப் பட்டுச்சு. நல்ல சட்டை, மூக்குக் கண்ணாடி, கையில தோல் பை. மூணு லட்சத்தைத் தொலைக்கக் கூடிய ஆளு மாதிரி இருக்கீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ஏட்டையாகிட்ட வந்து 'பை என்னோடது'ன்னு சொல்ல முடியுமா? கணக்கு நோட்டை எடுத்துட்டேன், பையில இனிமே பேரே இல்ல. சங்கரபாகத்துக்கிட்ட பேசிட்டேன், சமாதானம் ஆயிட்டாரு. எஸ்.பி. வேண்டாம், இன்ஸ்பெக்டர் போதும். நான் இறங்கி வந்துட்டேன் சார். ஒரு சால்வை, ஒரு போட்டோ. நீங்க கண்ணைத் துடைக்கக் கூட வேண்டாம், சும்மா நின்னாப் போதும்.

போட்டோ எடுத்து முடிஞ்சதும் பையை நீங்களே வச்சுக்கிட்டாலும் சரி. இல்ல, வேண்டாம். நயினார்கிட்ட கொண்டுபோய்க் குடுத்துருங்க. நீங்க குடுத்தா தப்பில்ல, நீங்க எஸ்.பி. முன்னாடி நிக்கலையே. அந்த மனுஷனும் நகையைத் திருப்பிருவாரு. நானும் கோவில்பட்டிக்குப் போன் போட்டுருவேன். எல்லாருக்கும் நல்லது.

என்ன சார் யோசிக்கிறீங்க?

எனக்கும் ஒரு யோசனை இருக்கு, ஒளிக்காமச் சொல்லிர்றேன். பையை வாங்கிட்டு நீங்க அப்படியே சங்கரன்கோவில் பஸ்ஸுல ஏறிட்டா? நயினார்கிட்ட குடுப்பீங்கங்கிறதுக்கு என்ன உத்தரவாதம்? ஊரு பேரு தெரியாத ஆளு. அடுத்தவன் பணம் கையில இருந்தா மனுஷன் புத்தி எப்படிப் போகும்னு சொல்ல முடியாது. கெட்டுப் போச்சு சார் உலகம்.

அந்தா, உங்க பஸ்ஸு உள்ள வருது. முன்னாடியே வந்துட்டானே, அதிசயம்தான்.

உங்க ஐநூறு ரூபா நோட்டா? பொறுங்க, டப்பாவை எண்ணிர்றேன். பேசிக்கிட்டே இருந்ததுல எட்டொம்பது பேரு போட்டதை விட்டுட்டேன். இருநூத்தி நாப்பது. உங்களுக்குத் தர வேண்டியது நானூத்தித் தொண்ணூத்தஞ்சு. இன்னும் அம்பத்தோரு பேரு வரணுமே சார். இருக்கிறதை வாங்கிக்கிறீங்களா? சேச்சே, அரையும் குறையுமாக் குடுத்து எனக்குப் பழக்கமில்ல. அந்த நோட்டையே திருப்பித் தந்தா காண்ட்ராக்டருக்கு அஞ்சு ரூபா போயிரும்.

நீங்க போயிட்டு வாங்க. உங்க காசு எங்கயும் போகாது. உரச்சாக்குல சுத்திப் பத்திரமா வச்சிருப்பேன். திரும்பி வரும்போது நாலு பேரு இருக்கிற நேரமா வாங்க, ஏட்டையாவைக் கூப்பிட்டு அவர் முன்னாடியே எண்ணித் தர்றேன். ஓடுங்க ஓடுங்க, விசிலடிச்சுட்டான்.

சார், சார்! பேரைச் சொல்லிட்டுப் போங்க. போட்டோவுக்குக் கீழ போடணும்லா.